தனித்துறையா, சகலதுறையா? மேசை ஆட்டக் கிளாஸ்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பகடை உருட்டி, ஒன்றாகச் சேர்ந்து ஒரு சாகசக் கதையை நடத்துகிற மேசை ஆட்டம் அது. கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துகிற ஆள், அதாவது டிஎம், நான். புதிதாக வருகிறவர்களும், கொக்குவில், சாவகச்சேரிப் பக்கம் தாங்களாகவே மேசை தொடங்கியவர்களும் திரும்பத் திரும்ப இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வைபரில் தனித்தனியாக எழுதிக் கை உளைந்ததால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடுகிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இருக்கின்றன. எண்கள் 2014 இல் வந்த ஐந்தாம் பதிப்புக்கு உரியவை. 2024 திருத்தத்தில் முக்கியமாக மாறியதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, நான் இதுவரைக்கும் விளையாடினதே இல்லை. கிளாஸ் எண்டு எதைச் சொல்லுறியள்?

உங்கள் பாத்திரம் என்ன வேலைக்குப் பழகியது என்பதுதான் கிளாஸ். சண்டைக்குப் பழகியவர் போர்வீரர். பூட்டுத் திறக்கவும் மறைந்து நகரவும் பழகியவர் கள்வர். இப்படியே மந்திரவாதி, பூசாரியார், பாணர், வனமுனி. விதிப்புத்தகத்தில் ஃபைட்டர், ரோக், விஸார்ட், கிளெரிக், பார்ட், ட்ரூயிட் என்று இருப்பவர்களை எங்கள் மேசையில் இப்படித்தான் கூப்பிடுவோம். லெவல் ஏற ஏற எந்தக் கிளாஸுக்கு என்ன கிடைக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது.

பாத்திரம் எதையாவது முயலும்போது 20 முகப் பகடையை உருட்டி, அந்த வேலைக்கான கூட்டலைச் சேர்த்து, டிஎம் வைத்த இலக்கு எண்ணைத் தொட்டால் காரியம் நடக்கும். இலக்கு 10 என்றால் லேசு, 15 நடுத்தரம், 20 கடினம். கீழே வரும் கணக்குக்கு இவ்வளவு போதும்.

புத்தகம் வாங்க வசதி இல்லை. விதியை எங்கை எடுக்கிறது?

அடிப்படை விதித்தொகுப்பு, எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளிவந்தது. சட்டப்படி இலவசமாகப் பதிவிறக்கலாம், நீங்களே தமிழாக்கிப் பகிரவும் தடையில்லை. பன்னிரண்டு கிளாஸும் அதில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு உட்பிரிவுடன். பகடைக்குப் போன் செயலி போதும். ரொறன்ரோவில் இருந்து ஆராவது வந்தால் பேந்து ஒரு பெட்டி சொல்லிவிடலாம்.

தனித்துறை, சகலதுறை எண்டு எப்பிடிப் பிரிக்கிறியள்? ஆர் எதுக்குள்ளை?

ஒரு வகைச் சிக்கலை மற்ற எல்லாரையும் விட நன்றாகத் தீர்ப்பவர் தனித்துறை. பல வகைச் சிக்கல்களில் ஓரளவு கை கொடுப்பவர் சகலதுறை. போர்வீரரும் கள்வரும் முதல் கூட்டம். பாணரும் வனமுனியும் இரண்டாவது. பூசாரியார் நடுவில் நிற்கிறார்: காயம் ஆற்றுவதில் கெட்டிக்காரர், ஆனால் கவசம் போட்டு முன்வரிசையில் நிற்கவும் முடியும். மந்திரவாதியை எங்கே போடுவது என்பது பெரிய கதை, அதற்குத் தனிக் கேள்வி கீழே வருகிறது.

கிரிக்கெட்டிலை சகலதுறை ஆட்டக்காரருக்குத்தானே மவுசு? இங்கையும் அப்பிடித்தானே?

இந்த ஒப்பீட்டை எல்லாரும் கொண்டுவருகிறார்கள், ஆனால் அது சரியாகப் பொருந்தாது. கிரிக்கெட்டில் துடுப்பாட்டமும் பந்துவீச்சும் வேறு வேறு நேரத்தில் வரும். 40 ஓட்டம் அடித்தவர் பிறகு 3 விக்கெட்டும் எடுக்கலாம், ஒன்றைச் செய்ததால் மற்றது குறையாது. மேசையில் சண்டை நடக்கும்போது ஒரு சுற்றுக்கு ஒருவருக்கு ஒரு செயல். துணைச் செயல், எதிர்வினை என்று சில சின்னச் சலுகைகள் உண்டு, அவ்வளவுதான். பாணருக்கு ஆறு வேலை தெரிந்தாலும் அந்தச் சுற்றில் ஒன்றைத்தான் செய்வார். அந்தச் செயலைக் காயம் ஆற்றச் செலவழித்தால் அந்தச் சுற்றில் அவருடைய வில் சும்மா கிடக்கும்.

தெரிந்த வேலைகளையெல்லாம் கூட்டிப் பார்த்துப் "பாணர் ஆறு மடங்கு பலம்" என்று சொல்வது அதனால்தான் பிழைக்கிறது. இந்த நேரத்தில் எது தேவை என்று பார்த்து அதை எடுக்கும் வசதிதான் அவருக்குக் கிடைக்கிறது. அந்த வசதிக்கு விலையாக, எடுத்த வேலையைத் தனித்துறை ஆளை விடக் கொஞ்சம் குறைவாகச் செய்ய வேண்டும். விலை வாங்காமல் விட்டால்தான் மேசையில் முறுகல் தொடங்கும். கீழே வரும் பாதிக் கேள்விகள் அந்த விலை எங்கே தவறிப்போனது என்பதைப் பற்றியவைதான்.

பாணர் எல்லாம் செய்வார் எண்டால் கள்வர் எதுக்கு?

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் கடலுக்குள் நிற்கிற ஹமன்ஹீல் கோட்டையை மனதில் வைத்து நான் ஒரு கடற்கோட்டை வரைந்திருக்கிறேன். அதில் இரவு காவலைத் தாண்டிப் போக மறைந்து நகரவேண்டும், இலக்கு 15 என்று வைப்போம். ஐந்தாம் லெவல் கள்வர்: சுறுசுறுப்பு 18, அதற்குக் கூட்டல் 4. பயிற்சிக் கூட்டல் 3, தெரிந்தெடுத்த சில திறமைகளுக்கு மட்டும் கிடைக்கிற எக்ஸ்பெர்ட்டிஸ் என்ற சலுகை அதை இரட்டிப்பாக்கி 6. மொத்தம் 10. பகடையில் 5 அல்லது கூட விழுந்தால் போதும், 80 வீத வாய்ப்பு. அதே லெவல் பாணர், சுறுசுறுப்பு 14, இந்த வேலைக்குத் தனிப் பயிற்சி இல்லை. பயிற்சியில்லாத வேலைக்கும் பயிற்சிக் கூட்டலில் பாதியைத் தருகிற சலுகை இரண்டாம் லெவலிலேயே அவருக்கு வந்துவிடும். பாதி என்பது கீழே இறக்கி 1. மொத்தம் 3. பகடையில் 12 விழ வேண்டும், 45 வீதம்.

இலக்கை 20 ஆக்கினால் கள்வருக்கு 55, பாணருக்கு 20. லேசான வேலைக்கு இரண்டு பேரும் காணும், வேலை கடினமாக ஆகக் கள்வரின் அருமை தெரியும். உங்கள் கதையில் எல்லாப் பூட்டுக்கும் இலக்கு 10 தான் என்றால் கள்வரை யாரும் தேடமாட்டார்கள். கள்வராக ஆடுகிறவர் சலித்துப்போயிருந்தால் முதலில் டிஎம்மின் இலக்கு எண்களைப் பாருங்கள், கிளாஸைக் குறை சொல்வது பிறகு.

புதுசா வாற ஆளுக்கு எதைக் குடுக்கிறது? சகலதுறை எண்டால் லேசுதானே?

இல்லை, மறுவளம். பல வேலை தெரிந்தவருக்கு ஒவ்வொரு சுற்றிலும் தெரிவு அதிகம், புதியவர் பட்டியலைப் பார்த்துத் திக்குமுக்காடுவார், மற்றவர்கள் தேத்தண்ணி குடித்து முடித்துவிடுவார்கள். போர்வீரரையோ கள்வரையோ கொடுங்கள். பாணரும் வனமுனியும் விதி பழகிய கைக்கு.

நாங்கள் மூண்டு பேர்தான். பூசாரியார் இல்லாமல் ஏலாதோ?

ஏலும். ஐந்தாம் பதிப்பில் ஒரு மணிநேரச் சிறு ஓய்விலேயே பாத்திரம் தானாகக் கொஞ்சம் தேறும், எட்டு மணிநேர நீண்ட ஓய்வில் முழுதாகத் தேறும். கடையில் வாங்கும் சாதாரண மருந்துக் குப்பி நான்கு முகப் பகடை இரண்டு உருட்டி 2 கூட்டின அளவு தரும். பூசாரியார் இருந்தால் நல்லதுதான், ஆனால் அவர் கட்டாயம் வேண்டும் என்று பழைய பதிப்புகளை ஆடினவர்கள் சொல்வதை அப்படியே எடுக்கத் தேவையில்லை.

மேசையில் எத்தனை பேர் என்பதுதான் இந்த முழுச் சமநிலையிலும் பெரிய திருகாணி. ஒரு சாகசத்தில் முன்வரிசையில் நிற்க, காயம் பார்க்க, பூட்டும் பொறியும் பார்க்க, ஆட்களோடு கதைக்க, பழைய எழுத்தை வாசிக்க என்று ஐந்து வேலையாவது வரும். மூன்று பேரும் தனித்துறை என்றால் இரண்டு வேலைக்கு ஆளில்லை. அங்கே பாணரோ வனமுனியோ தெய்வம் மாதிரி. அதே பாணர் ஆறு பேர் இருக்கிற மேசையில் எதைத் தொட்டாலும் அதற்கு ஏற்கெனவே ஒருவர் இருப்பார். மூன்று பேர் என்றால் ஒருவராவது சகலதுறை, ஐந்துக்கு மேல் என்றால் ஒருவருக்கு மேல் வேண்டாம் என்பது என் வழக்கம்.

உயர்தரப் பரீட்சை, ரியூசன், நைற் ஷிப்ற் எண்டு ஒவ்வொரு கிழமையும் ஒராள் வரமாட்டார். வராதவர்தான் பூட்டுத் திறக்கிறவராயிருப்பார். என்ன செய்யிறது?

யாழ்ப்பாணத்து மேசைக்கு இதுதான் உண்மையான பிரச்சினை. நல்லூர்த் திருவிழா நடக்கிற 25 நாளும் நான் மேசையையே கூட்டுவதில்லை, பாதிப் பேர் வரமாட்டார்கள் என்பது நிச்சயம். மற்ற நாட்களில் ஒரே விதி: கதை முன்னே போக ஒரே ஒரு ஆளால் மட்டும் திறக்கக்கூடிய கதவை வைக்காதீர்கள். கடற்கோட்டைக்குள் போகப் பூட்டு ஒரு வழி, காவலனுக்குக் காசு கொடுப்பது இன்னொரு வழி, வற்று நேரத்தில் மட்டும் தெரிகிற நீர்க்குகை மூன்றாவது. கள்வர் வந்தால் சத்தமில்லாமல், செலவில்லாமல் உள்ளே போகலாம். வராவிட்டால் காசோ நேரமோ போகும், ஆனால் ஆட்டம் நிற்காது.

வராதவரின் பாத்திரத்தை மற்றவரிடம் கொடுத்து ஆட வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. அடுத்த கிழமை வந்து "என்ரை ஆளை ஆர் சாகக் குடுத்தது?" என்று கேட்பார்கள்.

என்ரை போர்வீரர் சண்டை வந்தால் மட்டும்தான் முழிக்கிறார். மிச்ச நேரம் நான் போன் பாத்துக்கொண்டிருக்கிறன். இது ஆற்றை பிழை?

கொஞ்சம் விதியின் பிழை, நிறைய டிஎம்மின் பிழை. விதிப்பக்கம் பார்த்தால் 2014 பதிப்பில் போர்வீரருக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி அடிதடிக்கே. 2024 திருத்தத்தில் இரண்டாம் லெவலில் ஒரு மருந்து வைத்தார்கள்: தன் காயத்தை ஆற்றப் பாவிக்கிற 'இரண்டாம் மூச்சு' என்ற சலுகையை, தோற்றுப்போன ஒரு திறமைச் சோதனையில் செலவழித்துப் பத்து முகப் பகடை ஒன்றைக் கூட்டலாம். பழைய பதிப்பை ஆடினாலும் இதை மட்டும் எடுத்துப் போடுங்கள், எதுவும் உடையாது.

டிஎம் பக்கம்தான் பெரிய திருத்தம். ஒரு இடத்தை வர்ணிக்கும்போது எல்லாரையும் பார்த்து "என்ன செய்யிறியள்?" என்று கேட்டால் கனக்கக் கதைக்கிறவர்தான் பதில் சொல்வார். தனித்துறை ஆளிடம் அவர் துறைக்குள் இருந்து கேளுங்கள். கடற்கோட்டைக் கொத்தளத்தில் நான்கு காவலர் நிற்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, போனோடு இருந்த தம்பியிடம் கேட்டேன்: "அவங்கள் ஈட்டி பிடிக்கிற விதத்திலை உங்கடை ஆளுக்கு என்ன தெரியுது?" பகடை கேட்கவில்லை. அவர் கொஞ்சம் யோசித்து, "ஒராள் மட்டும் சரியாப் பிடிக்கிறான். மற்ற மூண்டும் ஈட்டியிலை சாஞ்சுகொண்டு நிக்கினம். சம்பளம் குடுபடேல்லைப் போலை" என்றார். அதை அப்படியே உண்மையாக்கினேன். அந்த மூன்று பேரையும் பாணர் பேசி வளைத்தார், நான்காமவனைப் போர்வீரர் பார்த்துக்கொண்டார். சண்டை பழகினவருக்குச் சண்டைக்காரரைப் பார்த்தாலே விளங்கும், அதற்கு எதற்கு இலக்கு எண்?

இன்னொன்று, எல்லாரும் சேர்ந்து பதுங்கிப் போகும் கட்டம். மேலே சொன்ன கள்வர், பாணர், இவர்களோடு இரும்புச் சட்டையைக் கழற்றிவிட்ட போர்வீரரும் பூசாரியாரும் (இருவருக்கும் சுறுசுறுப்பு 10, வாய்ப்பு 30 வீதம்). நாலு பேரும் தனித்தனியே தப்ப வேண்டும் என்று கேட்டால் மொத்த வாய்ப்பு 3 வீதம். அதைத் தெரிந்த குழு கள்வரைத் தனியே அனுப்பிவிட்டு மற்ற மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும். புத்தகத்திலேயே குழுச் சோதனை என்று ஒன்று இருக்கிறது: பாதிப் பேர் தப்பினால் எல்லாரும் தப்பினதாகக் கணக்கு. அதன்படி 64 வீதம். ஒரு விதியைப் பாவிக்கிறோமா இல்லையா என்பதில் மூன்று பேரின் பின்னேரம் தங்கியிருக்கிறது.

மந்திரவாதி ஒராளே எல்லாற்றை வேலையையும் செய்து முடிக்கிறார். அவரைக் குறைக்கவோ?

குறைக்க வேண்டாம், செலவைக் கண்ணுக்குத் தெரியப் பண்ணுங்கள். ஐந்தாம் லெவல் மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு முதல் மட்ட மந்திர ஸ்லொட் (ஒருமுறை மந்திரம் சொல்ல ஒன்று செலவாகும்) 4, இரண்டாம் மட்டம் 3, மூன்றாம் மட்டம் 2. எங்கள் மேசையில் அவர் முன்னால் நான்கு புளியங்கொட்டை, மூன்று சோழி, இரண்டு மஞ்சாடி. மந்திரம் சொன்னால் உரியதை எடுத்து நடுவில் இருக்கிற சிரட்டைக்குள் போடவேண்டும். டொக் என்று விழுகிற சத்தம் எல்லாருக்கும் கேட்கும். தாளில் கோடு வெட்டினபோது எத்தனை மிச்சம் என்று ஒருவருக்கும் நினைவிருக்காது, அவருக்கே இருக்காது. இப்போது மஞ்சாடி ஒன்றுதான் மிச்சம் என்றால் மேசை முழுக்கக் கவனமாக யோசிக்கிறது, போர்வீரரைத் திரும்பிப் பார்க்கிறது.

இரண்டாவது, ஓய்வு. 2014 டிஎம் வழிகாட்டி ஒரு கதைநாளுக்கு நடுத்தரமான அல்லது கடினமான மோதல் ஆறு முதல் எட்டு என்று கணக்குப் போட்டது. மூன்று மணிநேரம் ஆடுகிற மேசையில் இரண்டு மோதல் வந்தாலே பெரிய விஷயம். ஒவ்வொரு சனிக்கிழமையும் "விடிஞ்சுது, எல்லாரும் முழுசாத் தேறிட்டியள்" என்று தொடங்கினால் மந்திரவாதி எந்த நாளும் நிறைந்த பையோடுதான் நிற்பார். நெருப்புக் கோளம் 8 ஆறுமுகப் பகடை, சராசரி 28 சேதம், அதுவும் 20 அடி ஆரத்துக்குள் நிற்கிற எல்லாருக்கும். பெரிய வாளோடு போர்வீரர் இரண்டு அடியும் விழுத்தினால் சராசரி 22, ஒருவருக்கு அல்லது இருவருக்கு. இரண்டே மோதல் என்றால் போர்வீரருக்கு வழியில்லை. ஆறாவது மோதலில் மஞ்சாடி முடிந்திருக்கும், வாள் முடியாது. கதைநாளை இரண்டு மூன்று சனிக்கிழமைக்கு நீட்டுங்கள். கொட்டைகளை ஒரு டப்பாவில் பெயரெழுதி வைத்தால் அடுத்த கிழமை அதே எண்ணிக்கையில் தொடங்கலாம்.

மூன்றாவது, மந்திரத்தில் எழுதியிருக்கிற குறைகளை வாசித்து நடைமுறைப்படுத்துங்கள். பூட்டுத் திறக்கும் மந்திரம் திறக்கும், உண்மைதான், ஆனால் அந்தச் சத்தம் 300 அடி தூரம் கேட்கும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கடற்கோட்டையில் ஒருமுறை இது நடந்தபோது நாய் குரைத்தது, மணி அடித்தது, கள்வராக ஆடினவர் தலையில் கை வைத்தார். பலமான பல மந்திரங்களுக்கு ஒருமுகக் கவனம் வேண்டும், ஒரே நேரத்தில் ஒன்றுதான் பிடிக்கலாம், அடி விழுந்தால் தப்பிப்போகலாம். இதைப் பார்க்காமல் ஆடிவிட்டுக் கிளாஸ் பலம் கூடிப்போச்சு என்பது நியாயமில்லை.

அப்ப மந்திரவாதி தனித்துறையோ சகலதுறையோ?

பெயரளவில் தனித்துறை, அவருக்கு மந்திரம் மட்டும்தான் தெரியும். ஆனால் மந்திரம் கதவைத் திறக்கும், பறக்க வைக்கும், ஆளை மயக்கும், பழைய மொழி வாசிக்கும். கருவி ஒன்று, அது தீர்க்கிற சிக்கல் பத்து. கருவியைப் பார்க்காமல் சிக்கலை எண்ணினால் அவர்தான் ஆகப் பெரிய சகலதுறை.

அவருக்குப் பூட்டுப் போடுவது காலைநேரம். ஐந்தாம் லெவலில், அறிவு 18 என்றால், அன்றைக்கு 9 மந்திரம் ஆயத்தம் செய்யலாம். எதை எடுப்பது என்று காலையிலேயே முடிவாகிறது. அடுத்து என்ன வரும் என்று டிஎம் முழுதாகச் சொல்லிவிட்டால் அந்தப் பூட்டும் இல்லை.

உந்தப் பிரச்சினை புதுசோ? ஆரம்பத்திலை எப்பிடி இருந்தது?

ஆட்டத்தின் வயதுதான் பிரச்சினையின் வயதும். 1974 இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்டபோது மூன்று கிளாஸ்தான்: போர்வீரர், மந்திரவாதி, பூசாரியார். சுவர் ஏற, பதுங்க யாரும் முயலலாம், டிஎம் தீர்ப்புச் சொல்வார். 1975 இல் ஒரு துணைநூலில் கள்வர் வந்தார், பதுங்க இத்தனை வீதம், ஏற இத்தனை வீதம் என்று அட்டவணையோடு. உடனே மற்றவர்களால் அது முடியுமா என்ற சந்தேகமும் வந்தது. தனித்துறை ஒன்றைப் புதிதாகச் சேர்க்கும்போது மற்ற எல்லாரிடமும் இருந்து கொஞ்சம் பிடுங்கப்படுகிறது. வீட்டில் புதுக் கிளாஸ் எழுதுகிறவர்கள் இதை மறக்கவேண்டாம்.

பாணரின் கதை இன்னும் பகிடி. 1978 விதிப்புத்தகத்தில் பாணராவதென்றால் முதலில் போர்வீரராக, பிறகு கள்வராக லெவல் ஏறி, அதற்குப் பிறகுதான் வனமுனிகளிடம் போய்ப் பாணராகத் தொடங்கலாம். சகலதுறைக்கு விலையை நேரத்தில் வாங்கினார்கள். 2000 இல் வந்த மூன்றாம் பதிப்பில் விலை வாங்க மறந்துவிட்டார்கள்: வனமுனி மிருகமாக மாறிச் சண்டை பிடிப்பார், கூடவே விலங்குத் துணை, அதற்கு மேல் ஒன்பதாம் மட்டம் வரை மந்திரம். பக்கத்தில் நின்ற போர்வீரருக்கு அந்த விலங்குத் துணையோடேயே போட்டி.

பிள்ளை, எல்லாருக்கும் ஒரே அளவு பலம் குடுத்துவிட்டால் சண்டை இல்லைத்தானே?

பேரனோடு வந்திருந்து பார்த்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரின் கேள்வி. ஐயா, அதையும் செய்து பார்த்தார்கள். 2008 இல் நான்காம் பதிப்பு எல்லாக் கிளாஸுக்கும் ஒரே சட்டகத்தைக் கொடுத்தது: எப்போதும் செய்யக்கூடியது, மோதலுக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை. காப்பவர், அடிப்பவர், மற்றவரைத் தூக்கிவிடுபவர், களத்தை ஆள்பவர் என்று நான்கு பொறுப்பு. கணக்கு நன்றாகவே சமப்பட்டது. ஆனால் வாள்காரரும் மந்திரவாதியும் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்று கனபேர் முறைப்பட்டார்கள். எனக்கு அந்தப் பதிப்பின் சண்டை பிடிக்கும், ஆனாலும் அந்த முறைப்பாட்டை நான் மறுக்கமாட்டேன். ஆட வருகிறவர் சம பலத்துக்காக வருவதில்லை, "இதுக்கு நீதான் வேணும்" என்று மேசை தன் பக்கம் திரும்பும் நேரத்துக்காக வருகிறார். அந்த நேரம் எல்லாருக்கும் முறை வைத்து வருகிறதா என்று பார்த்தால் போதும்.

பாணருக்கும் எக்ஸ்பெர்ட்டிஸ் வருதே அக்கா? உங்கடை 45 வீதக் கணக்குப் பிழைக்குதே?

நல்ல பிடி. 2014 பதிப்பில் மூன்றாம் லெவலில், 2024 இல் இரண்டாம் லெவலிலேயே, இரண்டு திறமைக்கு அவருக்கும் எக்ஸ்பெர்ட்டிஸ் கிடைக்கும். பதுங்குவதை அவர் எடுத்தால் சுறுசுறுப்பு 14 க்கு 2, கூட 6, மொத்தம் 8. வாய்ப்பு 70 வீதம். கள்வரின் 80 க்குப் பக்கத்தில் வந்துவிட்டார், மந்திரமும் கையில் இருக்கிறது. இதுதான் நான் சொன்ன விலை தவறுகிற இடம்.

விதியை மாற்றத் தேவையில்லை. பாத்திரம் எழுதும் நாளில் எல்லாரும் ஒன்றாக இருந்து, எக்ஸ்பெர்ட்டிஸ் எடுப்பவர்கள் ஒரே திறமையை எடுப்பதில்லை என்று பேசிக்கொள்ளுங்கள். பாணர் பேச்சையும் ஏமாற்றையும் எடுக்கட்டும். பதுங்க வேண்டிய நேரத்தில் கள்வருக்குத் துணை நின்றால் கள்வர் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கலாம், 80 வீதம் 96 ஆகும். வனமுனி ஒரு படி மேலே போவார்: தடயமில்லாமல் நடக்க வைக்கும் அவரது இரண்டாம் மட்ட மந்திரம் குழுவில் எல்லாருக்கும் 10 கூட்டல் தரும், போர்வீரரின் 30 வீதம் 80 ஆகிவிடும். மற்றவர் வேலையைப் பறிக்காமல் அதைத் தூக்கிவிடும் சகலதுறையால் எந்த மேசையிலும் பிரச்சினை வந்து நான் பார்க்கவில்லை.

மல்ரிகிளாஸ் செய்தால் ரெண்டும் கிடைக்குமெல்லோ?

ஒரே பாத்திரம் இரண்டு கிளாஸில் லெவல் எடுப்பதுதான் மல்ரிகிளாஸ். இரண்டும் கிடைக்கும், பிந்தி. இரண்டு கிளாஸுக்கும் உரிய முதன்மைத் திறன் 13 ஆவது இருக்கவேண்டும் என்பது முதல் வாசல். போர்வீரர் 3, கள்வர் 2 என்று ஐந்தாம் லெவலில் நிற்பவருக்குப் போர்வீரரின் இரண்டாவது அடி இல்லை, மறைந்து அடிக்கும்போது கள்வர் கூட உருட்டுகிற மறைதாக்குப் பகடையும் 3 க்குப் பதில் 1. எல்லாக் கிளாஸும் ஒரு துள்ளுத் துள்ளுவது ஐந்தாம் லெவலில்தான். அதைத் தாண்டிப் பிறகு கலந்தால் நட்டம் குறைவு.

பத்பைண்டரிலை இது எப்பிடி? கிளாஸே இல்லாத ஆட்டமும் இருக்குதாமே?

பத்பைண்டர் இதே வகையான இன்னொரு ஆட்டம். 2019 இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் பயிற்சி உள்ளவருக்கு லெவலே கூட்டலில் சேரும், பயிற்சி இல்லாதவருக்குச் சுழியம். பத்தாம் லெவலில் அந்தத் துறையில் தேர்ந்தவருக்கு 16, மற்றவருக்கு 0. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் அதே லெவலில் எக்ஸ்பெர்ட்டிஸோடு 8 தான். அங்கே தனித்துறை உண்மையிலேயே தனித்துறை, தெரியாதவர் முயலவே யோசிப்பார். 1981 இல் வந்த கோல் ஒஃப் துலூ என்ற திகில் ஆட்டத்தில் கிளாஸும் இல்லை லெவலும் இல்லை, தொழிலும் வீதக்கணக்கில் திறமைகளும்தான். அங்கும் புள்ளிகளை எல்லாவற்றிலும் தூவினவர் எதிலும் 40 வீதம் தாண்டாமல் நிற்பார், ஆகவே கேள்வி போய்விடவில்லை.

நான் 'தண்டையல்' எண்டு ஒரு கிளாஸ் எழுதியிருக்கிறன், கடலிலை அவரை வெல்ல ஆளில்லை. சரிவருமோ?

வல்வெட்டித்துறையில் இருந்து ஒரு பாய்க்கப்பல், அன்னபூரணி, 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்த ஊர்க்கதை நமக்கு இருக்கிறது. கப்பல் தலைவனான தண்டையலுக்கு ஒரு கிளாஸ் வேண்டும்தான். ஆனால் நீங்கள் அனுப்பினதில் கடலில் எல்லாவற்றுக்கும் இரட்டிப்பு, கரையில் ஒன்றுமில்லை. கதை கரையேறினால் அவர் சாமான் தூக்குவார், கடலுக்குள் இறங்கினால் மற்ற நாலு பேரும் சாமான்.

கரையில் வாள் கொடுத்துச் சமப்படுத்த வேண்டாம், அது போர்வீரரின் வேலை. கடல் பழகினவரிடம் இருந்து கரைக்கு என்ன வரும் என்று யோசியுங்கள்: கயிறும் முடிச்சும், இருட்டில் திசை, மழை எப்போது என்று முன்கூட்டித் தெரிவது, பத்துப் பேரை ஒரு குரலில் வேலை வாங்குவது. கடைசியாகச் சொன்னது பொன். தன் செயலைக் கொடுத்து இன்னொருவருக்கு ஒரு நகர்வு தரும் சலுகையாக அதை எழுதுங்கள். கடல் பக்கத்தில் இரட்டிப்பை எக்ஸ்பெர்ட்டிஸ் அளவோடு நிறுத்தி, இரண்டு திறமைக்கு மட்டும் கொடுங்கள். பிறகு இரண்டு ஆட்டம், ஒன்று முழுக்கக் கரையில், ஒன்று முழுக்கக் கடலில். இரண்டு முடிவிலும் மற்றவர்களிடம் "உங்கடை வேலை ஏதும் பறிபோனதோ?" என்று கேளுங்கள், தண்டையலாக ஆடினவரிடம் கேட்காதீர்கள்.

ரெண்டு பேருக்கும் கள்வர்தான் வேணுமாம். ஒராளை மாத்தச் சொல்லவோ?

வேண்டாம். மாற்றச் சொன்னால் மாறினவர் அரைமனதோடு ஆடுவார். கள்வருக்குள் ஒருவரைக் கூரையும் பூட்டும், மற்றவரை முகமூடியும் பேச்சும் என்று திறமைகளைப் பிரித்துவிடுங்கள், பாணர் கேள்வியில் சொன்ன அதே ஒப்பந்தம். மூன்றாம் லெவலில் உட்பிரிவு வரும்போது ஒருவர் திருடர் வழியிலும் மற்றவர் மந்திரம் கலந்த வழியிலும் போனால் போதுமான தூரம் வந்துவிடும். இருவரும் ஒரே வழிதான் வேண்டும் என்று நின்றால் அண்ணன் தம்பியாக்கி, ஒரே குருவிடம் படித்துக் கோபித்துப் பிரிந்தவர்கள் என்று கதையில் போடுங்கள். இப்போது எங்கள் மேசையில் அப்படி ஒரு சோடி இருக்கிறது, பூட்டை ஆர் திறப்பது என்று அவர்கள் பிடுங்குப்படுவதைக் கேட்கவே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள்.